16ஆ, 1ஆ? ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருவது எப்படி

8 ÷ 2(2 + 2) = ?

2019 ஜூலை இறுதியில் ட்விட்டரில் கிளம்பிய இந்தக் கணக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கோலாலம்பூர்ப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் அவ்வப்போது யாராவது இதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். செந்தூலில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவிலும் அண்மையில் வந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் 16 என்றார். பொறியியல் படிக்கும் அவருடைய மகள் 1 என்றாள்.

“அப்பா, அந்த 2 அடைப்புக்குறியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைத் தனியாப் பிரிக்கக் கூடாது.”

“முதல்ல அடைப்புக்குறி. அப்புறம் இடமிருந்து வலம். உனக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்தேனேம்மா!”

இருவருமே கணக்கில் கெட்டிக்காரர்கள். இருவருக்கும் கூட்டத் தெரியும், வகுக்கத் தெரியும். பிறகு ஏன் இந்தச் சண்டை? எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எண்களில் இல்லை. இதைச் சொல்லாமல் “இதுகூடத் தெரியாதா” என்று ஆளுக்கு ஆள் மட்டம் தட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே, எந்தத் தரப்பு எதை வைத்துப் பேசுகிறது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதலில், உண்மையான தவறு

10 − 3 + 2 எவ்வளவு? விடை 9. ஆனால் 5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. எதை முதலில் செய்வது என்று நினைவில் வைக்கச் சொல்லித்தரும் ‘போட்மாஸ்’ (BODMAS) என்ற சொல்லில் கூட்டல் முன்னால் வருகிறது, கழித்தல் பின்னால் வருகிறது; அதனால் 3 + 2 = 5, 10 − 5 = 5 என்று போட்டுவிடுகிறார்கள். யூடியூபில் அமெரிக்கப் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் ‘பெம்டாஸ்’ (PEMDAS). அதில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் வரும். உடனே 12 ÷ 3 × 2 என்பதற்கு 2 என்று விடை எழுதுகிறார்கள். சரியான விடை 8.

எழுத்து ஆறு, படி நான்குதான். அடைப்புக்குறி ஒரு படி, அடுக்கு ஒரு படி, பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து ஒரு படி, கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரு படி. ஒரே படியில் இருப்பவை மோதினால் இடமிருந்து வலம். இதில் இரண்டு கட்சிக்கு இடமே இல்லை. 5 என்பது தவறு, அவ்வளவுதான்.

16 கட்சி

இவர்களுக்கு 2(2 + 2) என்பதில் ஒளிந்திருக்கும் பெருக்கலும் மற்றப் பெருக்கலைப் போலத்தான். அடைப்புக்குறியை முடித்தால் 8 ÷ 2 × 4. இடமிருந்து வலம் போனால் 16. கூகுள் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். அது தானாகவே (8 / 2) × (2 + 2) என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டி 16 என்று சொல்லும்.

இந்த வழியின் பலம் அதன் எளிமை. விதிவிலக்கு எதுவும் இல்லை, பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆரம்பப் பள்ளிக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

1 கட்சி

பலரும் இவர்களை ‘விதி தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். இவர்கள் பக்க வாதம் கொஞ்சம் ஆழமானது.

தெரியாத எண்ணுக்கு ‘க’ என்று பெயர் வைப்போம். 12க ÷ 3க எவ்வளவு? இயற்கணிதம் படித்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 4 என்பார்கள். 16 கட்சியினரும் அதையேதான் சொல்வார்கள். இப்போது க = 2 என்று வைத்து, இடமிருந்து வலம் விதியைக் கறாராகப் போட்டுப் பாருங்கள்: 12 × 2 ÷ 3 × 2. அதாவது 24, பிறகு 8, பிறகு 16. நான்கு எங்கே போயிற்று? ‘3க’ என்று ஒட்டி எழுதியதை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டதால்தான் 4 வந்தது. அந்தப் பழக்கத்தையே 2(2 + 2)க்கும் நீட்டினால் 8 ÷ 8, விடை 1.

இது இன்று நேற்று வந்த விவாதமும் இல்லை. 1917இல் லென்னஸ் என்ற கணித ஆசிரியர் ஓர் அமெரிக்கக் கணித இதழில் இதையே எழுதினார். பாடநூல்கள் இடமிருந்து வலம் என்று விதி சொல்கின்றன, ஆனால் அதே நூல்களின் இயற்கணிதக் கணக்குகளில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று எடுத்துக்காட்டினார். கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய கஜோரி, 1928இல், ÷ குறியும் × குறியும் சேர்ந்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் அன்றைக்கு உடன்பாடு இல்லை என்று பதிவு செய்தார். இயற்பியல் ஆய்விதழான ‘பிசிக்கல் ரிவ்யூ’வின் எழுத்து நடைக் குறிப்பும், சாய்கோட்டு ( / ) வகுத்தலைவிடப் பெருக்கலுக்கே முன்னுரிமை தருகிறது.

நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் காசியோ கணிப்பானும் பெரும்பாலும் இந்தக் கட்சிதான். எஃப்எக்ஸ்-570இஎக்ஸ் மாடலில் இந்தக் கணக்கைத் தட்டிச் சமக்குறியை அழுத்தினால், திரையில் அது 8 ÷ (2(2 + 2)) என்று மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். விடை 1. கூகுளும் அடைப்புக்குறி போட்டது, காசியோவும் போட்டது. போட்ட இடம்தான் வேறு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அவர்களின் டிஐ-82 கணிப்பான் ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் செய்யும், அடுத்து வந்த டிஐ-83 செய்யாது. தயாரித்தது ஒரே நிறுவனம்!

கடைக் கணிப்பான்

ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடையில் மேசைமேல் இருக்குமே, பெரிய பொத்தான்கள் வைத்த கணிப்பான், அது எந்தக் கட்சியும் இல்லை. தட்டத் தட்டக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். 50 ரிங்கிட் சேலை ஒன்று, 12 ரிங்கிட் துண்டு மூன்று. 50 + 3 × 12 என்று அப்படியே தட்டினால் 636 காட்டும். 50உம் 3உம் முதலில் சேர்ந்து 53 ஆகி, அது 12ஆல் பெருக்கப்பட்டுவிடும். கல்லாவில் இருப்பவர் அப்படித் தட்டமாட்டார். 3 × 12 தட்டி, விடையை நினைவில் சேர்க்கும் ‘எம் ப்ளஸ்’ (M+), பிறகு 50 தட்டி ‘எம் ப்ளஸ்’, கடைசியில் சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் ‘எம்ஆர்’ (MR). 86 ரிங்கிட். போட்மாஸ் என்று கேட்டால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் எதை முதலில் செய்யவேண்டும் என்பது விரல் நுனியில் இருக்கிறது. விண்டோஸ் கணிப்பானின் சாதாரண முறையும் இதே ரகம். அதில் 2 + 3 × 4 என்பது 20, அறிவியல் முறைக்கு மாற்றினால் 14.

வரிசை மாறினால் காசும் மாறும். 2008 ஏப்ரல் முதல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்த முறைப்படி ரசீதின் மொத்தத்தைத்தான் அருகில் உள்ள 5 சென்னுக்கு மாற்றவேண்டும். 2.98 ரிங்கிட் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 8.94, அது 8.95 ஆகும். ஒவ்வொரு பொருளையும் முதலிலேயே மாற்றிவிட்டுக் கூட்டினால் 9.00. எதை முதலில் செய்வது என்று எழுதி வைத்திருப்பதால் இதில் யாரும் சண்டை போடுவதில்லை.

சண்டையே வேண்டாம் என்பவர்கள்

நான் இந்தப் பக்கம்தான். ÷ குறியை வகுத்தலுக்கு முதலில் அச்சில் பயன்படுத்தியவர் யோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், 1659இல். வட ஐரோப்பாவில் இதே குறியைக் கழித்தலுக்கும் நெடுங்காலம் போட்டுவந்தார்கள். இன்றைய அனைத்துலகத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 80000-2, இந்தக் குறியே வேண்டாம் என்கிறது. சாய்கோட்டுக்குப் பிறகு அதே வரியில் பெருக்கல் வந்தால் அடைப்புக்குறி போடச் சொல்கிறது. பின்னமாக மேலும் கீழும் எழுதினால் எது எதை வகுக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இருந்தும் சில பயிற்சி நூல்களில் 8 ÷ 2(2 + 2) போன்ற கணக்குகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என்னிடம் வரும் ஒரு மாணவி இதேபோன்ற கணக்குக்கு 1 என்று எழுதி, வழியையும் ஒழுங்காகக் காட்டியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘கவனமின்மை’ என்ற குறிப்பு. அவள் கவனமாகத்தான் செய்திருந்தாள். கவனமில்லாதது கேள்வியை எழுதியவர். விடைத்தாள் திருத்துபவர்கள் வழியைப் பார்த்து இரண்டுக்கும் மதிப்பெண் தரலாம். கேள்வி தயாரிப்பவர்கள் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் போதும். (8 ÷ 2)(2 + 2) என்றால் 16, 8 ÷ (2(2 + 2)) என்றால் 1. எழுதுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

கணினியில் வேலை செய்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். -3^2 என்று எக்செல்லில் தட்டினால் 9 வரும் (^ என்பது அடுக்குக் குறி). அதையே பைத்தான் நிரல்மொழியில், அதன் அடுக்குக் குறியைப் போட்டு -3**2 என்று எழுதினால் −9.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். படிவம் ஐந்தின் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மில் 8 ÷ 2(2 + 2) வந்து உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. மதிப்பெண் போகிற இடம் வேறு. தாளில் மேலே 12, கோட்டுக்குக் கீழே 3 × 2 என்று பின்னமாக இருக்கும். அதைக் கணிப்பானில் 12 ÷ 3 × 2 என்று தட்டிவிட்டு 8 என்று எழுதிவிடுவார்கள். வரவேண்டியது 2. கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவானாலும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் தட்டுங்கள், அல்லது கணிப்பானில் இருக்கும் பின்னப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.