அந்தச் சாம்பல் நிறக் கட்டம்: ஃபேஷன் மார்க்கெட்டிங் படித்து ஐந்து வருடம் கழித்து

போன மாதம் கல்விக் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன். அதே வாரம் சித்தி மகள் போன் செய்தாள். இங்கிலாந்தில் எம்.ஏ. ஃபேஷன் மார்க்கெட்டிங் படிக்க ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறதாம். "அக்கா, நீங்க படிச்சதுதானுங்களே, சொல்லுங்க. போலாமா, வேண்டாமா?" என்றாள். பத்து நிமிடம் பேசினேன். வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லவில்லை என்று பட்டது.

நான் படித்தது 2019 செப்டம்பர் முதல் 2020 செப்டம்பர் வரை, வட இங்கிலாந்தில் ஒரு நகரத்தில். ஒரு வருடப் படிப்பு. பிராண்டிங், நுகர்வோர் மனநிலை, ட்ரெண்ட் கணிப்பு, பையிங், கடைசியில் ஒரு ஆய்வுக் கட்டுரை. எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதுதான், அதனால் அந்தப் பட்டியலுக்குள் போகவில்லை. எனக்கு இத்தனை வருடமாக உறுத்துவது எக்செல் தாளில் இருந்த ஒரு கட்டம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் ரீடெயில் மேத்ஸ் வகுப்பு. நடத்தியவர் பல வருடம் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பையராக, அதாவது கடைக்கு வேண்டிய சரக்கைத் தேர்ந்தெடுத்து வாங்குகிறவராக இருந்த அம்மா. கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று, அவசரப்படாமல் சொல்லிக்கொடுப்பார். கட்டிய பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்த இடம் அந்த வகுப்பு ஒன்றுதான்.

அவர் முதல் வாரம் போட்ட கணக்கு இது. கடையில் ஒரு டீ-ஷர்ட் 12 பவுண்டு. அங்கே வாட் வரி 20 சதவீதம், விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்த 2 பவுண்டு அரசுக்குப் போனால் கடைக்கு நிற்பது 10. சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த விலை 4 என்றால் மார்ஜின் 6, அதாவது 60 சதவீதம். இப்போது சரக்கு நகரவில்லை என்று 30 சதவீதம் தள்ளுபடி போடுகிறார்கள். விலை 8.40. வாட் போக 7. அடக்க விலை அதே 4. மார்ஜின் 3. தள்ளுபடி 30 சதவீதம்தான், ஆனால் கையில் நிற்கும் காசு சரிபாதி போய்விட்டது.

இதைப் போர்டில் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. எங்கள் அப்பா திருப்பூரில் 22 மிஷின் வைத்து, எக்ஸ்போர்ட்டர்களுக்குக் கூலிக்கு, அதாவது ஜாப் ஒர்க் தைப்பவர். ஒரு சீசன் சரியாகப் போகாவிட்டால் அடுத்த சீசனுக்கு எக்ஸ்போர்ட்டர் வந்து உட்கார்ந்து பீஸ் ரேட்டில் பத்துப் பைசா, இருபது பைசா குறைக்கச் சொல்வார். ஏன் என்று கேட்டால் "பையர் குறைச்சுட்டான்" என்பார். பையர் ஏன் குறைத்தான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு வகுப்பறையில், பன்னிரண்டு பவுண்டு டீ-ஷர்ட் ஒன்றில் அது எனக்கு விளங்கியது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவன் தள்ளுபடி போட்டதுக்கு நாமதான் காசு கொடுத்திருக்கோம்" என்றார்.

அதே வகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. பிரிட்டனில் குழந்தைகள் உடைக்கு வாட் கிடையாது. பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளுக்கான அளவு வரை வரி பூஜ்யம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் யூனிட்டில் ஓடியது பெரும்பாலும் குழந்தைகள் உருப்படிதான். அதே 12 பவுண்டில் விற்றால் கடைக்கு 12-ம் அப்படியே நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தின் மதிப்பு எனக்குப் பிறகு புரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இப்போது அந்தக் கட்டம்.

பயிற்சிக்குக் கொடுத்த எக்செல் தாளில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம். விற்கும் விலை, தள்ளுபடி, வாரத்துக்கு எத்தனை விற்கும், எத்தனை கடைகளுக்கு அனுப்புவது எல்லாம். அடக்க விலைக் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும். கர்சரை வைத்தால் பூட்டியிருப்பதாகச் செய்தி வரும். 4 பவுண்டு என்றால் 4 பவுண்டுதான். மூன்றாவது வாரம் கை தூக்கிக் கேட்டேன், இந்த 4 எங்கிருந்து வருகிறது என்று. அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார்: அது சோர்சிங் டீமின் வேலை, நமக்கு அது கொடுக்கப்பட்ட எண்.

எனக்குத் தெரியும் அது எங்கிருந்து வருகிறது என்று. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங்கில் போகிற வேஸ்ட், ஓவர்லாக், பேட்லாக், பிரிண்ட், லேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங், அதன்மேல் கப்பல் கூலி, அந்த நாட்டு இறக்குமதி வரி. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு இருக்கிறது எங்கள் ஊரில். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் கழிவு விட்ட சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். துணி வராமல் எங்கள் மிஷின்கள் மூடியபடி கிடந்தன. பிறகு கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை வந்தது, அதற்கான செலவும் சாயக் கூலியில் ஏறியது. அந்த 4 பவுண்டுக்குள் ஒரு ஆறும் இருக்கிறது. அதைப் போய்ப் பூட்டி வைத்திருந்தார்கள்.

இதே படிப்பில் அறநெறி பற்றியும் ஒரு பாடம் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்ததை அதில் விரிவாகவே நடத்தினார்கள். படம் காட்டினார்கள், எல்லோரும் அமைதியாக இருந்தோம், சிலர் அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது அதற்கு அடுத்த நாள்தான். அதே கட்டடம், கீழ் மாடி, வியாழக்கிழமை வகுப்பு, திரும்பவும் பூட்டிய கட்டம். மேல் மாடியில் பார்த்த சோகத்துக்கும் கீழ் மாடியில் போட்ட கணக்குக்கும் நடுவே ஒரு படிக்கட்டு போதும். ஒரு வருடத்தில் ஒருவரும் அதில் ஏறி இறங்கவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்போர்டு ஒட்டுவது, கற்பனை வாடிக்கையாளருக்குப் பேர் வைத்து வயது வைத்து அவள் காலையில் என்ன காபி குடிப்பாள் என்று எழுதுவது, இரண்டுமே எனக்கு உதவவில்லை. நூலகம் பிரமாதம். குழு வேலையில் எப்போதும் இரண்டு பேர் செய்வார்கள், ஐந்து பேர் மதிப்பெண் வாங்குவார்கள். கடைகடையாக ஏறி இறங்கி விலையும் நிறமும் குறித்துவரும் ஒப்பீட்டு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. படிவத்தில் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு உருப்படியிலும் உள்பக்க லேபிளைத் திருப்பி, எந்த நாட்டில் தைத்தது என்று தனியாக ஒரு பத்தியில் எழுதிக்கொடுத்தேன். அதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் இன்றும் எந்தக் கடைக்குப் போனாலும் என் கை முதலில் லேபிளுக்குத்தான் போகிறது.

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் அத்தியாவசியமில்லாத கடைகளை மூடச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து இந்தியாவில் ஊரடங்கு. அப்பா அப்போது ஒரு ஆர்டரில் குழந்தைகள் பைஜாமா செட் தைத்துக் கொடுத்திருந்தார். கார்ட்டனில் போட்டு டேப் ஒட்டியாயிற்று. பையர் ஆர்டரை ரத்து செய்தார், எக்ஸ்போர்ட்டர் அப்பாவின் பில்லை நிறுத்தினார். ஏப்ரலில் எங்களுக்கு ஆன்லைன் வகுப்பு. நெருக்கடி காலத்தில் சில்லறை வணிகம் என்று தலைப்பு. திரையில் செலவைக் கட்டுப்படுத்தும் வழிகள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் இரண்டாவது வரி: வரவேண்டிய ஆர்டர்களை ரத்து செய்தல்.

நான் மைக்கை ஆன் செய்து, தைத்து முடித்த ஆர்டராக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள். அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள்.

அப்பா தினமும் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "கண்ணு, உங்க ஊர்ல கடை எப்பத் திறப்பாங்க?" ஜூன் 15 அன்று திறந்தார்கள். அந்த பைஜாமாக்கள் அங்கே வரவே இல்லை. பையர் லேபிளை வெட்டிவிட்டு எங்கள் ஊர் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் எடைக்குப் போட்டார்கள். ஜாப் ஒர்க் பில்லில் பாதி வந்தது, எட்டு மாதம் கழித்து.

விசா பற்றி அவள் கேட்டாள், அதையும் சொல்ல வேண்டும். படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்ற திட்டத்தை நான் போய் இறங்கிய அதே 2019 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2021 ஜூலையில். அதற்குள் என் விசா முடிந்துவிட்டது. இப்போது அந்த இரண்டு வருடத்தையும் குறைக்கிறார்கள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம்தான். இவள் இந்த செப்டம்பரில் சேர்ந்தால் அந்தக் கணக்குக்குள் வருவாள். தங்கிச் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற நினைப்பில் போவதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கட்டும். எனக்குக் கட்டணம் மட்டும் 15,000 பவுண்டுக்குப் பக்கம். தங்குவதும் சாப்பாடும் சேர்த்து 20 லட்சம் ரூபாய்க் கடன். ஐந்து வருடம் எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் செலவு அதுதான்.

திரும்பி வந்து இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். இங்கிலாந்தில் மெர்ச்சண்டைசர் என்றால் எந்தக் கடைக்கு எத்தனை சரக்கு என்று எண்களைத் திட்டமிடுகிறவர். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால் ஆர்டர் வந்த நாளிலிருந்து ஷிப்மென்ட் போகும்வரை நூலுக்கும் சாயத்துக்கும் பட்டனுக்கும் பின்னால் ஓடுகிறவர். பேர்தான் ஒன்று. நான் முதல் வேலைக்குப் படித்து இரண்டாவது வேலையைச் செய்கிறேன். சேர்ந்த புதிதில் கையில் துணியை எடுத்து ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் செக்கிங் அக்காக்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள், எட்டாவது வரை படித்தவர்கள்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் இந்த மாதம் நடந்ததையும் எழுத வேண்டும். பிரிட்டன் பையர் ஒருவர் குழந்தைகள் செட் ஒன்றுக்கு 12 பென்ஸ் குறைக்கச் சொல்லி மெயில் போட்டார். கடை விலையை ஏற்ற முடியாது, வரி போக ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் முதலாளி குறைத்துக் கொடுத்துவிடலாம் என்றார். நான் அவர்கள் வெப்சைட்டைத் திறந்தேன். விலை 9 பவுண்டு. சைஸ் எல்லாம் 5 வயதிலிருந்து 12 வயது வரை. வாட்டே கிடையாது. நாங்கள் கொடுக்கும் விலை 2.60. கப்பல் கூலியும் வரியும் தாராளமாகச் சேர்த்தாலும் 3.20. மார்ஜின் 5.80. 30 சதவீதம் தள்ளுபடி போட்டாலும் அவர்களுக்கு விற்ற விலையில் பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை அப்படியே எழுதாமல், பணிவாக, விலை அதேதான், வேண்டுமானால் பிரிண்ட்டில் நான்கு நிறத்தை மூன்றாக்கினால் 3 பென்ஸ் குறைக்கலாம் என்று பதில் போட்டேன். இரண்டே நாளில் சரி என்று வந்தது. 9 பென்ஸ் தப்பியது. அது தையல் கூலியில்தான் விழுந்திருக்கும், எப்போதும் அங்கேதான் விழும். வியாழக்கிழமை வகுப்பு இல்லாவிட்டால் எனக்கு அந்த மெயிலுக்குப் பதில் எழுதத் தெரிந்திருக்காது.

இதை வைத்து மதிப்பெண் போட்டால் படிப்பு ஜெயித்துவிடும், அது எனக்கே தெரிகிறது. ஆனாலும் சித்தி மகளுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். கடன் ரசீது இன்னும் மேசையில் இருக்கிறது. ஐந்து வருடக் கடனுக்கு ஒரு வியாழக்கிழமை காலை போதாது. என் கேள்விக்கு நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போன இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு 20 லட்சம் போவதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. அடுத்த வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. இப்போது வேண்டாம்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எக்செல் ஃபைல் இருக்குங்களா அக்கா? இருந்தா அனுப்புங்க" என்றாள்.

நேற்று இரவு உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் தேடி எடுத்தேன். பூட்டை எடுத்துவிட்டேன். சாம்பல் நிறத்தை வெள்ளையாக்கி, பின்னால் இன்னொரு தாள் சேர்த்து, நூல் கிலோ விலையில் தொடங்கிக் கார்ட்டன் டேப் வரை வரிசையாகப் போட்டு, அதன் கூட்டல் அந்தக் கட்டத்தில் வந்து விழும்படி இணைத்திருக்கிறேன். தையல் கூலிக்கு மட்டும் இப்போதைய ரேட் தெரிய வேண்டும். அப்பாவிடம் கேட்டுப் போட்டுவிட்டுக் காலையில் அவளுக்கு அனுப்புகிறேன்.