கொல்லிமலைக்கு எக்ஸ்எல் 100: ஒரு மதிப்பீடு

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் செல்ல, மளிகை மூட்டையும் பால் கேனும் சுமப்பதற்கென்றே பிறந்ததாக நாம் கருதும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போதுமா என்று கேட்டால், தனியாகச் செல்பவருக்குத் தாராளமாகப் போதும் என்பேன்.

99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஒரே கியர்தான் என்பதால், வளைவுகளில் கிளட்சும் கியரும் மாற்றும் வேலையே இல்லை. ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, மெதுவாக ஏறினால் போதும். 90 கிலோவுக்கும் குறைந்த எடை, குறுகிய வளைவில் திருப்புவதற்கும், சேற்றில் சிக்கினால் ஒருவரே தள்ளி மீட்பதற்கும் பெரும் உதவி. 16 அங்குலச் சக்கரங்கள் குழிகளைச் சாதாரண ஸ்கூட்டரைவிட நன்றாகச் சமாளிக்கின்றன. பின் இருக்கையைக் கழற்றினால், கூடாரமும் படுக்கையும் வைத்துக் கட்ட இடம் கிடைக்கிறது. (மலைமேல் சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் வாங்கும் பலாப்பழத்திற்கு முன்பக்கத் தளமே சிறந்தது.)

இருவராக ஏறுவது மட்டும் அந்தச் சிறிய என்ஜினுக்கு நியாயமன்று. 4 லிட்டர் டேங்க் என்பதால் அடிவாரத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். டிரம் பிரேக்குகள் சூடேறாதிருக்க, இறங்கும்போது இடையிடையே நிறுத்த வேண்டும்.