ஷெல் நிறுவனத்தின் ‘கரிம நடுநிலை’ பெட்ரோல்: ஒரு மதிப்புரை

நெதர்லாந்தில் உள்ள தன் பெட்ரோல் பங்குகளில் ஷெல் நிறுவனம் 2019 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய சேவை, பார்வைக்கு மிக எளிமையானது. சாதாரணப் பெட்ரோலோ டீசலோ நிரப்புகிறவர் விரும்பினால் லிட்டருக்கு ஒரு யூரோ சென்ட் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றது நிறுவனம். அந்த எரிபொருளால் உண்டாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக, காடுகளைக் காக்கும் திட்டங்களிடமிருந்து அது கார்பன் கிரெடிட் வாங்கிவிடும் என்பது ஏற்பாடு. ஒரு டன் கரியமில வாயு தவிர்க்கப்பட்டது என்பதற்கான சான்றே ஒரு கிரெடிட். விலை கூடிய வி-பவர் வகை எரிபொருளை நிரப்புகிறவர்கள் அந்த ஒரு சென்ட்டையும் தர வேண்டியிருக்கவில்லை. வண்டி ஓட்டுவதால் வரும் மாசு சரிக்கட்டப்பட்டுவிடுகிறது என்பதே விளம்பரம் தந்த உறுதி.

குழாயிலிருந்து வருவது என்னவோ அதே பெட்ரோல்தான். ஒரு லிட்டர் எரிந்தால் புகைபோக்கி வழியே சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். 40 லிட்டர் நிரப்பினால் 92 கிலோ. அதற்கு வாடிக்கையாளர் தரும் ஈட்டுத்தொகை 40 சென்ட். டன் கணக்கில் பார்த்தால் நான்கரை யூரோகூட வரவில்லை. எண்ணெயைத் தோண்டி எடுத்து, சுத்திகரித்து, பங்கு வரை கொண்டுவருவதில் உண்டாகும் மாசையும் சேர்த்தால் இந்தத் தொகை இன்னும் சுருங்கும். அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வுச் சந்தையில் ஒரு டன் உமிழும் உரிமைக்கு மின் நிலையங்களும் ஆலைகளும் சுமார் 25 யூரோ கொடுத்துவந்தன. இரண்டும் வெவ்வேறு சந்தைகள் என்றாலும், இவ்வளவு மலிவாக ஒரு பொறுப்பு தீர்ந்துவிடுமா என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

கிரெடிட் வாங்கப்பட்ட இடங்களுள் ஒன்று, இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தானில் உள்ள கத்திங்கான் மெந்தாயா திட்டம். சுமார் ஒன்றரை லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள பீட் சதுப்பு நிலக்காடு அது. இத்தகைய நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் தேங்கிய தாவரப் பொருள் நீருக்கடியில் கரியைப் பூட்டி வைத்திருக்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்து சிதையும். தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ஆகவே அந்தக் காட்டைக் காப்பது மிக நல்ல பணி. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காடு காகிதக் கூழுக்காக மரம் வளர்க்கும் தோட்டமாக மாறியிருக்கும் என்ற ஊகத்தின் மீதுதான் கிரெடிட்டுகள் எழுகின்றன. ஆனால், இந்தோனேசிய அரசு முதன்மைக் காடுகளிலும் பீட் நிலங்களிலும் புதிய உரிமங்கள் தருவதை 2011லேயே நிறுத்திவைத்தது. அழிந்தே போயிருக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாத காட்டைக் காட்டி, உறுதியாக எரிந்துவிட்ட பெட்ரோலைக் கழிக்கிறார்கள். இந்தக் குறை சிறியதன்று.

சட்டக் கல்லூரி மாணவர்கள் அளித்த புகாரை விசாரித்த நெதர்லாந்தின் விளம்பர நெறிமுறைக் குழு, ஈடு முழுமையாக நடக்கிறது என்பதை நிறுவனம் நிறுவவில்லை என்று கூறி, 2021 ஆகஸ்டில் அந்த விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று முடிவு செய்தது. அதே ஆண்டு மே மாதம், ஷெல் குழுமம் தன் நிகர உமிழ்வை 2030க்குள் 2019ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த ஆணையை நீக்கியது; ஆயினும் உமிழ்வைக் குறைக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்தச் சேவையில் மிகவும் உறுத்துவது இதுதான்: விற்கிறவரின் தலைமீதிருக்கும் கடமை, பங்கில் காசு கொடுத்துக்கொண்டு நிற்கிறவரின் விருப்பத் தேர்வாக மாறிவிடுகிறது.

கார்பன் ஈட்டை மட்டும் காட்டி ஒரு பொருளை நடுநிலை என்று விற்பதைத் தடை செய்யும் ஐரோப்பிய விதிகள் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டுள்ளன. விமானப் பயணச்சீட்டு முதல் கூரியர் வரை இதே போன்ற சேவையை எங்கு கண்டாலும், எந்தத் திட்டம், எந்த ஆண்டின் கிரெடிட், டன்னுக்கு என்ன விலை ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாகக் கிடைத்தால் காட்டுக்கான நன்கொடையாக அதைக் கொடுக்கலாம். நிரப்பிய லிட்டர்களின் கணக்கிலிருந்து மட்டும் அதைக் கழித்துவிட வேண்டாம்.