அறுபது செல் லைன், கட்டணம் இல்லை: என்.சி.ஐ. சோதனைச் சேவை

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்கள். புற்றுநோய் மருந்து தேடும் வேதியியல்காரர்கள் நிதி கேட்கும் கதையும் அதுதான். எங்கள் கல்லூரியில் சேர்மம் செய்யலாம், செல் வளர்க்க முடியாது. ஒரு சாம்பிளை ஒரு செல் லைனில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வகைச் செல்கள்) சோதிக்க வெளியே மூவாயிரம் ரூபாய் கேட்டார்கள். எங்களிடம் சால்கோன் என்ற வகைச் சேர்மங்கள் பன்னிரண்டு இருந்தன. நிதி கேட்டு அனுப்பிய திட்டமோ, முதற்கட்டத் தரவு போதாது என்று திரும்பி வந்துவிட்டது.

அப்புறம்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் என்.சி.ஐ.-60 சேவைக்கு விண்ணப்பித்தேன். 1990-லிருந்து நடக்கும் சேவை. ரத்தம், நுரையீரல், குடல், மார்பகம் என ஒன்பது வகைப் புற்றுநோய்களின் அறுபது செல் லைன்களில் நம் சேர்மத்தைச் சோதித்துத் தருகிறார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் கண்டதையெல்லாம் வாங்குவதில்லை. முதலில் மூலக்கூறின் அமைப்பை அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் தேர்வு. எங்களுடைய பன்னிரண்டில் ஐந்தைக் கேட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. மெத்தாக்சி என்ற சின்ன அணுத்தொகுதியை மூலக்கூறில் இங்கிருந்து அங்கே நகர்த்திவிட்டுப் புதுமை என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம்தான்.

கூரியர் கடையில்தான் பாடு. ஐந்து சின்னக் குப்பி, மஞ்சள் தூள், அமெரிக்க முகவரி. "என்ன பவுடர் மேடம்?" என்று கேட்ட பையனுக்கு விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தூளின் ஆபத்து விவரம் சொல்லும் பாதுகாப்புத் தாளை நான் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன்.

ஏற்ற சாம்பிளுக்கு என்.எஸ்.சி. எண் தருகிறார்கள். 1955-ல் தொடங்கிய 'கேன்சர் கீமோதெரபி நேஷனல் சர்வீஸ் சென்டர்' என்ற மையத்தின் பெயர் அந்த எழுத்துகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினின் எண் 119875, இன்னொரு மருந்தான டாக்சாலுடையது 125973. அதே பதிவேட்டில் தன் தூளும் ஏறிவிட்டது என்று என் மாணவி வீட்டுக்குப் போன் செய்தாள். "வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டாராம் அம்மா.

முடிவுத் தாள் ஒரே பக்கம். ஒரே செறிவில் (10 மைக்ரோமோலார்) அறுபது செல் லைனுக்கும் ஒவ்வோர் எண், பக்கத்தில் இடமும் வலமுமாகக் கோடுகள். 100 என்றால் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. 0 என்றால் வளர்ச்சி நின்றுவிட்டது. மைனஸ் என்றால் சாகிறது. எங்கள் முதல் நான்கு தாள்களிலும் 94, 97, 102. ஆமாம், 102. எங்கள் மருந்தைக் குடித்துச் செல்கள் கொழுத்திருந்தன! ஐந்தாவது மட்டும் ரத்தப் புற்றுநோய் வரிசையில் கே-562 என்ற லைனை 31-க்கு இறக்கியது. அடுத்த கட்டமான, ஐந்து செறிவுகளில் செய்யும் சோதனைக்கு அது போதவில்லை.

எனக்கு இந்தச் சேவையில் பிடித்ததே இதுதான். ஒரே ஒரு செல் லைனில் போட்டுவிட்டு 'நம்பிக்கை தரும் சேர்மம்' என்று கட்டுரை எழுதுவது நம் துறையில் பழகிப்போன விஷயம். நானும் எழுதியிருக்கிறேன். அறுபது எண்களைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வராது. இந்த அறுபதின் ஏற்ற இறக்கத்தைப் பழைய மருந்துகளோடு ஒப்பிடும் 'கம்பேர்' என்ற நிரலும் உண்டு. கடற்பஞ்சிலிருந்து எடுத்த ஹாலிகாண்ட்ரின் பி, செல் பிரியத் தேவையான டியூபுலின் புரதத்தைத் தாக்குகிறது என்று 1991-ல் பிடிபட்டது அப்படித்தான். அதன் வழி வந்த எரிபுலின் 2010-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

குறைகளும் உண்டு. அறுபதில் சாதாரண செல் ஒன்றுகூட இல்லை, ஆகவே நல்ல செல்லை விட்டுவைக்குமா என்பதை வேறெங்காவதுதான் பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்கு இரண்டே லைன்கள். 2024-ல் சோதனை முறையும் மாறிவிட்டது, செல்லோடு சேர்மத்தை வைத்திருக்கும் 48 மணி நேரம் 72 ஆனது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். ஐந்தாவது சேர்மத்தில் ஒரு ஃபுளோரினைச் சேர்த்து இப்போது மறுபடி படிகமாக்கிக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்புத் தாளை இந்த முறை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துவிட்டேன்.