டோரோ சரிவில் திராட்சை: கற்சுவரா, மண்மேடையா, நேர்வரிசையா?

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் பழைய ஒயின் குடும்பங்கள் ஒரு துண்டு நிலத்தை மறுநடவு செய்யும்போதெல்லாம் எழும் கேள்வி இது. ஏடு ஏடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறை, செங்குத்துச் சரிவு, குளிர்காலத்தில் கொட்டிவிட்டுக் கோடையில் அடியோடு கைவிடும் மழை. சரிவு 40 சதவீதத்தைத் தாண்டினால் என் ஓட்டு ஒற்றை வரிசை மண்மேடைக்குத்தான்: சுவர் கட்டாமல் சரிவையே வெட்டி, சாய்ந்த மண்கரையோடு அமைத்து, ஒரே வரிசைக் கொடி வைக்கும் படி.

நேர்வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேலிருந்து கீழாக வரிசைகள் இறங்கும்; ரமோஸ் பிண்டோ ஒயின் நிறுவனம் 1970களில் முன்னெடுத்த முறை. சுவரும் இல்லை, கரையும் இல்லை, ஹெக்டேருக்கு அதிகக் கொடிகள் பிடிக்கும். 30 சதவீதச் சரிவு வரை இதுவே மலிவு. அதற்கு மேல் டிராக்டருக்கு ஆபத்து. ஒரு பெருமழை வரிசைக்கு நடுவே வாய்க்கால் வெட்டிவிடும்.

கற்சுவர்ப் படிகள் வேறு ரகம். கின்டா டு கிராஷ்டு தோட்டம் 1910 முதல் ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. அங்குள்ள மரியா தெரேசா நிலம் 4.7 ஹெக்டேர், கொடிகளுக்கு நூறு வயதுக்கு மேல், சுமார் 50 ரகங்கள் கலந்து நிற்கின்றன. செத்த கொடிக்குப் பதிலாக அதே ரகத்தை வைக்க வேண்டும் என்பதற்காகவே 2013இல் ஒவ்வொரு கொடியின் மரபணுவையும் அடையாளம் காணும் வேலையைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட நிலத்தைப் பிடுங்குவது பாவம். ஆனால் செலவு சுவரில் இருக்கிறது. சாந்து வைக்காததால்தான் சுவர் நிற்கிறது: பின்னால் தேங்கும் நீர் கல்லிடுக்கு வழியாகக் கசிந்துவிடும். சிக்கனம் என்று சிமெண்ட் பூசினால் நீரின் அழுத்தம் சுவரை வெளியே தள்ளும். வயிறு தள்ளிய பகுதியை அடிப்பாறை வரை பிரித்து, சுவர் உள்ளே சாயும்படி நீளக் கற்களைக் குறுக்கே பூட்டி, பின்புறம் சில்லுக்கல் நிரப்பிக் கட்ட வேண்டும். முழுக்கக் கைவேலை. இதைத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மண்மேடைக்குக் கெட்ட பெயர் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 1980களில் உலக வங்கிக் கடனுதவியோடு பரவலாக வெட்டியவை பெரும்பாலும் இரட்டை வரிசை மேடைகள். வெளி வரிசைக்கு இளகிய ஆழமான மண், உள் வரிசைக்குச் சுரண்டிய பாறை. பழம் ஒரே நேரத்தில் பழுக்காது. மேடை அகலமானதால் கரை உயர்ந்தது. அந்தக் கரையில் இயந்திரம் ஏறாது என்று களைக்கொல்லி அடித்தார்கள். வேர் செத்தது, மண் சரிந்தது.

ஒற்றை வரிசை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. மேடை குறுகியது, கரை தாழ்ந்தது. சிறிய டிராக்டரின் பக்கக் கையில் பொருத்திய வெட்டியாலேயே புல்லை அறுத்துவிடலாம். களைக்கொல்லி தேவைப்படுவது வெகுவாகக் குறைகிறது. அதைவிட முக்கியம் நீர். டெய்லர்ஸ், ஃபொன்சேகா என்ற போர்ட் ஒயின் நிறுவனங்களின் உரிமையாளரான ஃபிளாட்கேட் குழுமம் லேசர் வழிகாட்டும் புல்டோசரால் மேடையின் நீளவாக்கில் 3 சதவீதச் சாய்வு வைக்கிறது. மேடை மட்டமாக இருந்தால் நீர் தேங்கி, தாழ்ந்த ஓர் இடத்தில் வழிந்து கரையை அறுக்கும். சாய்வு கூடினால் நீர் மண்ணையும் இழுத்துப் போகும். 3 சதவீதச் சாய்வில் நீரின் ஒரு பகுதி ஊறி, மீதி மெதுவாக வடிகிறது. கண்மதிப்பில் வெட்டினால் இது அமையாது.

குறை இல்லாமல் இல்லை. கரை இடத்தைத் தின்பதால், ஹெக்டேருக்கு 6,000 வரை கொடி நின்ற பழைய படிகளில் ஏறக்குறைய 3,500தான் தேறும். இந்த வடிவம் பரவலாகி இருபத்துச் சொச்சம் ஆண்டுகள்தான். நூறாண்டு நின்ற சுவரோடு ஒப்பிட அது போதாது. யுனெஸ்கோ 2001இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்த எல்லைக்குள் நிற்கும் சுவரை இடித்து மேடை வெட்டும் யோசனையே வேண்டாம்.

வெட்டுவதைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். இலையுதிர்கால முதல் மழைக்கு முன் கரையில் புல் விதை விழவேண்டும். வெறும் கரை அந்தக் குளிர்காலத்தைத் தாங்காது. 110 ரிக்டர் போன்ற வறட்சி தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டிய கொடிகளை மண் படிந்தபின் நடலாம்.