ஈ. கோலையா, நைட்ரோசோமோனாஸா: யார் எதைத் தின்று வளர்கிறார்கள்?

ஒரு நுண்ணுயிர் வளர உடலைக் கட்டக் கார்பன் வேண்டும், அந்த வேலையை நடத்த ஆற்றல் வேண்டும். குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ. கோலைக்கு இரண்டும் குளுக்கோஸிலிருந்தே வந்துவிடும். ஒரு பங்கை எரித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி ஆக்கிக்கொள்கிறது, இன்னொரு பங்கின் கார்பனை அமினோ அமிலம், கொழுப்பு, டிஎன்ஏ என்று மாற்றிக்கொள்கிறது. சத்தான வளர்ப்பு ஊடகத்தில், 37 டிகிரி செல்சியஸில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவான நைட்ரோசோமோனாஸ் கதையே வேறு. ஆற்றலுக்கு அம்மோனியா, கார்பனுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவதில் கிடைக்கும் ஆற்றலே சொற்பம், அதிலும் பெரும்பகுதியை, கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி விழுங்கிவிடும். மூன்று கார்பன் கொண்ட ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறை உருவாக்க 9 ஏடிபியும், எலக்ட்ரான்களைச் சுமந்து வந்து தரும் என்ஏடிபிஎச் மூலக்கூறுகள் 6-உம் வேண்டும். அந்த என்ஏடிபிஎச்சாவது சும்மா வருமா என்றால் அதுவும் இல்லை, அம்மோனியாவிலிருந்து வரும் எலக்ட்ரான்களுக்கு அவ்வளவு வலு கிடையாது என்பதால் கிடைத்த ஆற்றலிலேயே கொஞ்சம் செலவழித்து அவற்றை உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்புறம் எப்படி வேகமாக வளரும்? நல்ல சூழலிலும் ஒருமுறை இரட்டிப்பாகப் பல மணி நேரம் பிடிக்கும்.

வேகம் வேண்டுமென்றால் சந்தேகமே இல்லை, ஈ. கோலைதான். ஆனால் அது இன்னொரு உயிர் உண்டாக்கிய உணவை நம்பி இருக்கிறது. வெளிச்சமும் இல்லாமல், சர்க்கரையும் இல்லாமல் உடலைக் கட்டும் நைட்ரோசோமோனாஸ்தான் எனக்குப் பெரிய அதிசயம். இப்படிக் கனிமப் பொருளிலிருந்தே ஆற்றல் பெற்று வாழ முடியும் என்பதை 1880களில் கந்தக பாக்டீரியாக்களை வைத்து முதலில் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

வளர்த்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நைட்ரைட் உருவாகும்போது அமிலமும் சேரும், கார்பனேட் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.