மிக்ஸ் 31 ஃபெரைட் வளையம்: கான்டெஸ்ட் நிலையத்துக்கு வாங்கலாமா?

ஹாம் ரேடியோ கான்டெஸ்டில் (குறித்த நேரத்தில் அதிக நிலையங்களைத் தொடர்புகொள்ளும் போட்டி) 40 மீட்டர் அலைவரிசையில் 100 வாட் கொடுத்தவுடன், கணினியின் யூஎஸ்பி துண்டித்து லாகிங் (தொடர்புகளைப் பதிவது) நின்றுபோனால், பெரும்பாலும் ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளிப்பின்னல் வழியே திரும்பி வரும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம்) தான் காரணம். அதற்கு, மிக்ஸ் 31 என்ற ஃபெரைட் கலவையில் செய்த எஃப்டி240-31 வளையம் நன்றாகவே கேட்கிறது. வெளிவிட்டம் 61 மி.மீ. ஆர்ஜி-58 கோஆக்ஸை அதில் 10 முதல் 12 சுற்று சுற்றி, ஆன்டெனாவின் ஊட்டுமுனையிலேயே கட்ட வேண்டும். அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் இந்தச் சுருளைத்தான் சோக் என்கிறோம். சுற்றை இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கேபிளில் மாட்டும் ஒற்றை ஃபெரைட் கிளிப் எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) வெறும் அலங்காரம். யூஎஸ்பி கேபிளுக்கும் ஒரு வளையம், 6 சுற்று போதும். ஃபோம் கோஆக்ஸை இறுக்கி வளைக்காதீர்கள், வெயிலில் நடுக்கம்பி நகர்ந்து ஷார்ட் ஆகும்.

பெயரில்லாத சாம்பல் நிற வளையத்தைக் கண்ணால் பார்த்து மிக்ஸ் சொல்ல முடியாது. நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுகருவியில் அளந்த பிறகே நம்பலாம். மஞ்சள், சிவப்பு வண்ணம் பூசியவை இரும்புத்தூள், சோக்குக்கு ஆகாது.

டெல்டா வயல்களில் சோலார் பம்ப் கன்ட்ரோலர் கிளப்பும் இரைச்சலில், கோஆக்ஸ் பிடிப்பது மட்டுமே இதனால் குறையும். ஆன்டெனா நேராக வாங்குவது அப்படியே இருக்கும். கன்ட்ரோலரின் மோட்டார் வயரில்தான் சோக் போடணும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று என்பதால், பிஎல்-259 கனெக்டர் மூட்டில் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பும் அவசியம்.